தானமாக வந்தாலும் பல்லைப் பிடித்துப் பாருங்கள்

காலாண்டு விடுமுறையில் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு மதுரையிலிருந்து அக்கா மகன் அழைத்தான். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். "சித்தி, அம்மாகிட்ட சொல்லிறாதீங்க" என்றுதான் பேச்சையே தொடங்கினான்.

கூட விளையாடும் நண்பனின் கணக்கிலிருந்து அவனுக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. 'எங்க டீம் ஒரு போட்டியில இருக்கு, ஒரு ஓட்டுப் போடுடா' என்று சொல்லி ஒரு லிங்க். திறந்தால் தினமும் பார்க்கிற அதே லாகின் பக்கம். பயனர் பெயர், பாஸ்வேர்டு, போனுக்கு வந்த குறியீடு மூன்றையும் கொடுத்துவிட்டான். மறுநாள் காலையில் அவன் கணக்குக்குள் அவனே நுழைய முடியவில்லை. பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் நாங்கள் கொடுத்த பணத்தில் வாங்கிய கேம்கள், மற்றவர்களோடு மாற்றி மாற்றிச் சேர்த்த ஸ்கின்கள் (கேமுக்குள் போடும் அலங்காரங்கள்) எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. ஓட்டுக் கேட்டது நண்பனே இல்லை. அந்தப் பையனின் கணக்கு அதற்கு முந்தின வாரமே திருடு போயிருந்தது.

என்னை உறுத்தியது வேறொன்று. அவன் எனக்குப் போன் செய்தது நான்காம் நாள். திட்டு விழுமே என்று மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். இன்னொரு வீட்டில் அந்த மூன்று நாள் வீணாகிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நம் கையில் இருப்பது என்ன?

கடையில் டிஸ்க் வாங்கிய காலத்தில் அது நம் பொருள். நண்பனுக்குக் கொடுக்கலாம், பாதி விலைக்கு விற்கலாம். டிஜிட்டலாக வாங்கும் கேம் அப்படியல்ல. நாம் பணம் கொடுத்து வாங்குவது, அதை விளையாடுவதற்கான அனுமதி மட்டும்தான். சட்டம் அதை உரிமம் என்கிறது.

இது வெறும் வார்த்தை வித்தியாசம் இல்லை. யுபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதன்பின் அதை விளையாட முடியவில்லை. அதே ஆண்டு கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. திரும்பப் பறிக்கக்கூடிய உரிமத்தை விற்கும் கடை, அது உரிமம்தான் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று எழுதக் கூடாது என்பது அதன் சாரம். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்று ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் பணம் கட்டும் பக்கத்தில் அந்த அறிவிப்பைப் பார்க்கலாம்.

வாங்கிய டிஜிட்டல் கேமை மறுவிற்பனை செய்யலாமா என்ற கேள்வி பிரான்சில் நீதிமன்றம் வரை போனது. அங்குள்ள நுகர்வோர் அமைப்பு ஒன்று, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2019இல் பாரிஸ் நீதிமன்றம் மறுவிற்பனைக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. ஆகவே 'என் கேம், நான் யாருக்கு வேண்டுமானாலும் விற்பேன்' என்று சொல்ல இன்று நமக்கு இடமில்லை. கடை எந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறதோ அந்த வழியில்தான் கொடுக்க முடியும். அந்த வழியைவிட்டு ஓரடி விலகினாலும், ஏமாந்தால் போய்க் கேட்பதற்கான இடமும் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது.

பரிசு கொடுக்க நேரான வழி

ஸ்டீமில் கேமைப் பரிசளிக்க நேரடி வசதி உண்டு. வாங்கும்போதே 'கிஃப்ட்' என்று குறித்து, நண்பர் பட்டியலில் உள்ளவருக்கு அனுப்பலாம். பிறந்தநாள் அன்று போய்ச் சேரும்படி தேதியும் குறிக்கலாம். பெறுபவர் வேண்டாம் என்று மறுத்தால் பணம் கொடுத்தவருக்கே திரும்பும். ஒரு காலத்தில் கிஃப்டுகளை வாங்கிக் கணக்கில் அடுக்கி வைத்துக்கொண்டு, வேண்டும்போது யாருக்கும் தள்ளிவிட முடிந்தது. தள்ளுபடியில் வாங்கி விற்கும் வியாபாரமே அதை நம்பி நடந்தது. 2017 மே மாதம் வால்வ் அந்த முறையை நிறுத்தியது. இரண்டு நாடுகளுக்கு இடையே விலை வித்தியாசம் அதிகமென்றால் இப்போது கிஃப்ட் போகாது. சிங்கப்பூரில் இருக்கும் மாமன் மகனுக்கு இங்கிருந்து ரூபாய் விலையில் வாங்கி அனுப்ப முடியாமல் போவது இதனால்தான். விபிஎன் போட்டு நாட்டை மாற்றிக் காட்டி வாங்குவது விதிமீறல். கணக்கே முடங்கலாம்.

பணம் திரும்பப் பெறும் விதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். கிஃப்டுக்கும் இது பொருந்தும். ஆனால் கிஃப்டைத் திறந்துவிட்டால், பெற்றவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். பணம் கொடுத்தவரிடம் போய்ச் சேரும். பரிசு கொடுக்கும்போதே இந்தக் கணக்கைச் சொல்லிவிடுவது நல்லது.

பெறுபவருக்கு எந்த கேம் பிடிக்கும் என்று தெரியாவிட்டால் கிஃப்ட் கார்டு கொடுக்கலாம். ஸ்டீமின் டிஜிட்டல் கிஃப்ட் கார்டை, குறைந்தது மூன்று நாளாவது நண்பர் பட்டியலில் இருப்பவருக்கு மட்டுமே அனுப்ப முடியும். பணம் நேராக அவருடைய வாலட்டில் ஏறும், இடையில் யாரும் குறியீட்டைப் பார்க்க வழியில்லை. குறியீடாக வரும் கார்டு என்றால் அதைப் பணமாகவே நினைக்க வேண்டும். சுரண்டிய எண்ணைப் படம் எடுத்து அனுப்பினால் முதலில் பார்ப்பவர் அதை ஏற்றிக்கொள்வார். எந்த அரசு அலுவலகமும் எந்த நிறுவனமும் கட்டணத்தையோ அபராதத்தையோ கிஃப்ட் கார்டாகக் கேட்பதில்லை. கேட்டால் அது மோசடி.

ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு 2024 செப்டம்பரில் வந்த ஸ்டீம் ஃபேமிலீஸ் வசதி போதும். ஆறு பேர் வரை தங்கள் கேம்களைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. தம்பி உங்கள் கேமில் ஏமாற்று மென்பொருள் போட்டு விளையாடி மாட்டிக்கொண்டால், அந்த கேமில் உங்களுக்கும் தடை விழும். பாஸ்வேர்டைப் பகிர்வது இந்த வசதிக்கு மாற்று ஆகாது.

மலிவு விலைக் கீ

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்பார்கள். கேம் சந்தையில் தானமாக வந்தாலும் மலிவாக வந்தாலும் பல்லைப் பார்த்தே ஆக வேண்டும்.

கடையில் மூவாயிரம் ரூபாய் விலையுள்ள கேமின் கீ, அதாவது அதைத் திறக்கும் குறியீடு, வேறொரு தளத்தில் எண்ணூறுக்குக் கிடைக்கிறது என்றால், அது எங்கிருந்து வந்தது? சில கீகள் விலை குறைவான நாடுகளில் வாங்கியவை. சில, விமர்சகர்களுக்கு இலவசமாகக் கொடுத்தவை. சில, யாரோ ஒருவரின் திருடப்பட்ட கிரெடிட் கார்டில் வாங்கியவை. அட்டைக்காரர் வங்கியில் புகார் செய்ததும் வங்கி அந்தப் பணத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். பணம் போனதும் நிறுவனம் கீயை ரத்து செய்யும். கடைசியாக வாங்கியவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. கிஃப்டாக வந்த கேமும் இதே காரணத்தால் ஒருநாள் லைப்ரரியிலிருந்து காணாமல் போகலாம்.

2015 ஜனவரியில் இது பெரிய அளவில் நடந்தது. திருட்டு அட்டைகளில் வாங்கப்பட்ட 'ஃபார் க்ரை 4' போன்ற கேம்களின் கீகளை யுபிசாஃப்ட் ரத்து செய்தது. இடைத்தளங்களில் காசு கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவர்கள் கொதித்தெழுந்த பிறகு, ஏற்கெனவே விளையாடத் தொடங்கியிருந்தவர்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தது. 'ஃபேக்டோரியோ' கேமை உருவாக்கிய செக் நாட்டின் சிறு நிறுவனமான வூபே, தன் கேமின் திருட்டுக் கீகள் ஜி2ஏ சந்தையில் விற்பதாகப் புகார் சொன்னது. தணிக்கையில் 198 கீகள் திருட்டுக் கீகள் என்று தெரியவந்து, 2020இல் ஜி2ஏ 39,600 டாலர் இழப்பீடு கொடுத்தது. மலிவு விலைக்குப் பின்னால் அட்டை பறிபோன ஒருவரும், உழைப்புக்குக் கூலி வராத ஒரு கலைஞரும் இருக்கக்கூடும்.

வெளியே வாங்கிய கீக்கு ஸ்டீம் பணம் திருப்பித் தராது. ஆகவே கேமை உருவாக்கிய நிறுவனத்தின் இணையதளத்தில், எந்தெந்தக் கடைக்கு அவர்கள் நேரடியாகக் கீ கொடுக்கிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள்.

ஐடி விற்பனை

பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் விளையாடும் பிள்ளைகளிடையே 'ஐடி சேல்' சர்வ சாதாரணம். அரிதான உடைகளும் உயர்ந்த ரேங்கும் உள்ள கணக்கை வாட்ஸ்அப் குழுவிலோ டெலிகிராமிலோ சில ஆயிரத்துக்கு வாங்குகிறார்கள். பெரும்பாலான கேம் நிறுவனங்கள் கணக்கை விற்பதைத் தடை செய்திருக்கின்றன. விற்றவரிடம் முதல் மின்னஞ்சலும் முதல் ரசீதும் இருக்கின்றன. ஒரு மாதம் கழித்து 'என் கணக்கு திருடு போய்விட்டது' என்று எழுதினால் நிறுவனம் அவருக்கே திருப்பிக் கொடுக்கும். வாங்கியவர் நிறுவனத்திடம் போய் முறையிட்டால், விதியை மீறியதை அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஐடி வாங்குவதில் பாதுகாப்பான முறை என்று ஒன்றும் கிடையாது.

ட்ரேடில் நடக்கும் வேலைகள்

மாதம் சுமார் 77,000 ஸ்டீம் கணக்குகள் கைப்பற்றப்பட்டுச் சூறையாடப்படுகின்றன என்று 2015 டிசம்பரில் வால்வ் தானே எழுதியது. அதன் பிறகுதான் போனில் ஒப்புதல் கொடுக்கும் ஸ்டீம் கார்ட் (Steam Guard) முறை கட்டாயத்துக்கு நெருக்கமானது. அதை வைக்காதவரின் ட்ரேட், அதாவது பொருள் பரிமாற்றம், 15 நாள் வரை நிறுத்திவைக்கப்படும். எரிச்சலாக இருந்தாலும் அது நமக்கான பூட்டு.

பூட்டு வந்ததும் திருடர்கள் சாவியை நம்மிடமே கேட்டு வாங்கக் கற்றுக்கொண்டார்கள். ஓட்டுக் கேட்பது ஒரு வகை. 'தெரியாமல் உன் கணக்கை மோசடி என்று புகார் செய்துவிட்டேன், டிஸ்கார்டில் இந்த அதிகாரியிடம் பேசிச் சரிசெய்துகொள்' என்று பதற வைப்பது இன்னொரு வகை. ஸ்டீம் ஊழியர் யாரும் டிஸ்கார்டிலோ சாட்டிலோ வந்து பேச மாட்டார்கள். 'நான் உருவாக்கிய கேம், விளையாடிப் பார்த்துச் சொல்' என்று வரும் கோப்பு, கணினியில் சேமித்த பாஸ்வேர்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போகும். போலிப் பக்கத்தில் காட்டும் க்யூஆர் குறியீட்டை ஸ்டீம் செயலியால் ஸ்கேன் செய்தாலும், திருடனை நாமே வாசல் திறந்து உள்ளே விட்டதாகும்.

எல்லாவற்றிலும் நயமானது ஏபிஐ கீ மோசடி. போலி லாகினில் நுழைந்ததும் திருடன் உடனே எதையும் எடுக்க மாட்டான். கணக்கின் பேரில் ஒரு ஏபிஐ கீ, அதாவது மென்பொருள் வழியே கணக்கைக் கையாள உதவும் சாவி, உருவாக்கிவிட்டுக் காத்திருப்பான். சில வாரம் கழித்து நீங்கள் உண்மையான நண்பருடன் ட்ரேட் செய்யும்போது, அதை ரத்து செய்துவிட்டு, அதே பெயரும் படமும் உள்ள வேறு கணக்கிலிருந்து அதே ட்ரேடை அனுப்புவான். பழைய பழக்கத்தில் போனில் 'சரி' என்று அழுத்தினால் பொருள் போய்விடும். ஆகவே ஒவ்வொரு முறையும் எதிர்த்தரப்புக் கணக்கு எந்த ஆண்டு தொடங்கியது, அதன் லெவல் என்ன என்று பாருங்கள். நீங்கள் உருவாக்காத ஏபிஐ கீ உங்கள் கணக்கில் இருந்தால் உடனே நீக்குங்கள்.

இப்படிப் போன பொருளை ஸ்டீம் பொதுவாக மீட்டுத் தராது. ஒரு விலக்கு 2025 ஜூலையில் வந்தது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 கேமின் பொருள்கள் ட்ரேடில் கைமாறினால், ஏழு நாளுக்குள் கணக்குக்காரர் அந்த ட்ரேடுகளைத் திரும்பப் பெறலாம். திருட்டுக் கொடுத்தவருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் வெளியே காசு கொடுத்து ஸ்கின் வாங்குபவருக்கு இதிலும் ஒரு குழி உண்டு. உங்கள் பணத்தை வாங்கிக்கொண்ட விற்பனையாளர் ஆறாம் நாள் ட்ரேடைத் திரும்ப இழுத்துக்கொள்ளலாம்.

பணம் கைமாறும் இடம்

பணம் வாங்க யுபிஐ பின் தேவையில்லை. க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டியதும் இல்லை. இரண்டுமே பணம் கொடுக்க மட்டும்தான். இந்த ஒரு வரியை வீட்டில் எல்லாரும் மனப்பாடம் செய்துவிட்டால் பாதி மோசடி வாசலிலேயே நின்றுவிடும். 'பணம் அனுப்பிவிட்டேன்' என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். 'தெரியாமல் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பு' என்றால், வங்கி மூலமே தீர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

பணம் உண்மையிலேயே வந்துவிட்டாலும் ஆபத்து முடிந்துவிடாது. முகம் தெரியாதவர் உங்கள் ஸ்கினுக்குக் கொடுத்த ஐயாயிரம், வேறொருவரை ஏமாற்றிப் பறித்த பணமாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்தால் போலீஸ் அந்தப் பணம் போன தடத்தைப் பிடித்து வந்து, உங்கள் வங்கிக் கணக்கை முடக்கச் சொல்லும். மாதச் சம்பளம் வரும் கணக்கில் ஒரு ஸ்கின்னுக்காக இந்த ஆபத்தை ஏற்கலாமா என்று யோசியுங்கள். ஸ்கின்னை வைத்துப் பந்தயம் கட்டும் தளங்களின் பக்கமே போக வேண்டாம். 2025ஆம் ஆண்டு மத்திய அரசின் ஆன்லைன் கேமிங் சட்டம், பணத்தை மட்டுமல்ல, பணமாக மாற்றக்கூடிய டோக்கனையும் பொருளையும் பந்தயமாகவே கருதுகிறது.

ஏமாந்துவிட்டால்

முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. வரிசையாகச் செய்ய வேண்டியவை இவை:

1. வேறொரு சாதனத்திலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், பிறகு கேம் கணக்கு. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்துங்கள். ஏபிஐ கீயை நீக்குங்கள்.

2. எதையும் அழிக்காதீர்கள். சாட், லிங்க், எதிராளியின் கணக்கு முகவரி, யுபிஐ ஐடி, பரிவர்த்தனையின் 12 இலக்க எண் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். கோபத்தில் எதிராளியை பிளாக் செய்வதும் சாட்டை அழிப்பதும் அவனுக்கே உதவும்.

3. பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை அழையுங்கள். நாடு முழுவதற்குமான சைபர் நிதி மோசடி உதவி எண் அது. பணம் ஒரு வங்கியிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதற்குள் அதை நிறுத்திவைக்கச் சொல்வதே அதன் வேலை. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகாரைப் பதியலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. வங்கிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் நபரால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுடையதல்ல. பின்னை நீங்களே கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரை போனது உங்கள் இழப்பு, தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும் வேகமாகச் சொல்பவருக்கே லாபம். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம்.

5. காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. அடுத்தவர் பாஸ்வேர்டைத் திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவிலும், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி பிரிவிலும் குற்றம். இரண்டுக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு மோசடிக்கானது. 'கேம்தானே' என்று யாராவது தட்டிக்கழித்தால் இந்தப் பிரிவுகளைச் சொல்லுங்கள். போனது பணம் கொடுத்து வாங்கியது, அதைக் கேட்பது உங்கள் உரிமை.

கடையே தவறு செய்தால்

காசை வாங்கிக்கொண்டு கீ அனுப்பாத கடை, விதிப்படி தர வேண்டிய பணத்தைத் தராத தளம் ஆகியவற்றின் மீது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பாயும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இந்தியருக்கு முறையாக விற்பனை செய்யும் வெளிநாட்டுத் தளத்துக்கும் இந்த விதி உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

வெளிநாட்டு நிறுவனத்தை நம்மால் என்ன செய்ய முடியும் என்று சோர வேண்டாம். பணம் திரும்பப் பெறும் உரிமையைப் பற்றி வாடிக்கையாளர்களுக்குத் தவறாகச் சொன்னதற்காக, ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2016இல் வால்வுக்கு 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. எங்கள் நாட்டுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும் என்று ஒரு நாட்டின் நுகர்வோர் ஆணையம் நின்று கேட்டதன் பலன் அது.

ஆனால் இந்த வழிகள் எல்லாம் கடையில் வாங்கியவருக்குத்தான். டிஸ்கார்டில் பெயர் தெரியாத ஒருவரிடம் வாங்கியவருக்கு போலீஸ் மட்டுமே மிச்சம். அதுவும் அவர் யாரென்று கண்டுபிடித்த பிறகுதான்.

வீட்டில் ஒரு வார்த்தை

அக்கா மகனின் கணக்கு கடைசியில் திரும்பக் கிடைத்தது. கணக்கு உன்னுடையதுதான் என்பதற்கு ஆதாரம் கொடு என்று கடை கேட்டது. முதன்முதலில் கேம் வாங்கிய ரசீதைத் தேடினோம். அது அவன் அம்மாவின் கார்டில் வாங்கியது. ரசீதும் அவளுடைய மின்னஞ்சலில்தான் இருந்தது. யாரிடம் சொல்லக் கூடாது என்று மூன்று நாள் தவித்தானோ, அவளிடமே போய் நிற்க வேண்டியிருந்தது.

அக்கா திட்டவில்லை. மின்னஞ்சலைத் திறந்து ரசீதைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். கேம்கள் கிடைத்தன, ஸ்கின்கள் கிடைக்கவில்லை. "மொத நாளே சொல்லியிருந்தா அதையும் பாத்திருக்கலாம்லடா" என்று மட்டும் சொன்னாள்.

பிள்ளைக்கு கேம் வாங்கிக் கொடுக்கும் நாளிலேயே, எது போனாலும் அன்றைக்கே வந்து சொல்லலாம், திட்டு விழாது என்ற உறுதியையும் சேர்த்துக் கொடுங்கள். மற்ற எல்லாப் பூட்டுகளும் அதற்கு அடுத்ததுதான்.